அர்த்தச்சேதமும் கணினியின் அடுக்குக் கணக்கும்

சமணர்களின் ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனாசாரியார் கி.பி. 816-இல் எழுதி முடித்த உரை 'தவளம்'. மூலநூலை எழுதிய இருவரில் பூதபலி தமிழ் நாட்டுப் பக்கம் வந்ததாக அந்த உரையே சொல்கிறது. ஆகவே நமக்கு அது அந்நியமான நூல் அல்ல. மூடுபித்ரி ஓலைச்சுவடிகளிலிருந்து வந்த அதை ஹீராலால் ஜெயின் 1939 முதல் இந்தி பெயர்ப்புடன் பதிப்பித்தார். வடக்கே கடை வைக்க வந்து இந்தி படித்ததால்தான் எனக்கு அது வாசிக்கக் கிடைத்தது.

அதில் 'வர்கித சம்வர்கிதம்' என்றொரு கணக்கு உண்டு. ஓர் எண்ணை அதே எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவது. 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை 4. அடுத்து 4-இன் அடுக்கு 4, அதாவது 256. மூன்றாவது 256-இன் அடுக்கு 256. மூணே படிதான், விடை 617 இலக்கம்!

இதைப் பைத்தான் மொழியின் 'நம்பை' கணித நூலகத்தில் புள்ளி எண்ணாக, 256.0 என்று கொடுத்துக் கேட்டால் 'இன்ஃப்' என்கிறது, அதாவது முடிவிலி. காரணம் இருக்கிறது. 1985-இல் வந்த தரப்படி 64 பிட்டில் எழுதும் எண் 2-இன் அடுக்கு 1024-ஐ எட்ட முடியாது. e-இன் அடுக்கு 709 வரும். 710 என்றால் முடிவிலி. சமணக் கணக்கில் எண்ணக்கூடியது சங்க்யாதம், எண்ணி மாளாதது அசங்க்யாதம், முடிவற்றது அனந்தம். 617 இலக்க எண் வெறும் சங்க்யாதம். அதைப் போய் அனந்தம் என்பதா?

வீரசேனரிடம் இதற்கு வழி உண்டு, 'அர்த்தச்சேதம்'. ஓர் எண்ணை எத்தனை தடவை பாதியாக்கலாம் என்ற கணக்கு. 256-ஐ 8 தடவை பாதியாக்கினால் 1. பெருக்கினால் அர்த்தச்சேதங்கள் கூடும் என்ற விதியும் உரையில் உண்டு. ஆகவே நம் பெரிய எண்ணுக்கு 256 × 8 = 2048, அவ்வளவுதான். நேப்பியரின் மடக்கை நூல் 1614-இல்தான் வந்தது.

நூலகம் உள்ளே என்ன செய்கிறது? e-இன் அடுக்கு 10 வேண்டும் என்று வையுங்கள். 2-இன் இயல் மடக்கை 0.693147. 10-க்குள் அது 14 தடவை போக, மீதி 0.2959. இந்தச் சின்ன மீதிக்கு மட்டும் ஒரு பல்லுறுப்புக் கோவையால் கணக்கிட்டு 1.3444 என்று பெறுகிறது. பிறகு 14 தடவை இரட்டிக்க வேண்டும். அதற்குப் பெருக்கலே வேண்டாம். எண்ணின் அடுக்குப் பகுதியில் 14-ஐக் கூட்டினால் போதும். விடை 22026 சொச்சம்.

கணினியே நம் ஆகமத்தில் இருக்கிறது என்று மேடையில் சிலர் சொல்லுவாங்க. எனக்கு உடன்பாடில்லை. வீரசேனர் உலகின் அளவையும் உயிர்களின் தொகையையும் கணக்கிட்டார். e அங்கே இல்லை. அது 1683-இல் ஜேக்கப் பெர்னூலி வட்டிக்கு வட்டி பார்த்தபோது தலைகாட்டியது. நம்மைப் போன்ற வியாபாரிகளின் சொந்தக்கார எண் என்று வேண்டுமானால் சொல்லலாம். பாதியாக்கி எண்ணும் உபாயம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் 256.0-ஐ 256-ஆல் அடுக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு 256-இன் 'லாக்2'-ஐ 256-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 2048 என்று உடனே வரும்.