வலியைத் தேடி வந்த கைகள்

முதுகு பிடித்துக்கொண்டால் பினாங்குத் தமிழர் முதலில் யாரைத் தேடுவார்? டாக்டரையா? அநேகமாக இல்லை. உருவி விடுகிறவரைத்தான். அவர் தைலக் குப்பியோடு வரும் நம்மவராக இருக்கலாம், 'துக்காங் உருட்' எனப்படும் மலாய்க்காரராக இருக்கலாம், சுளுக்கு எடுக்கும் சீனராகவும் இருக்கலாம்.

நம் சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. பெயரைக் கேட்டாலே பாதி உடம்பு நெட்டி முறிக்கும்!

ஆனால் இந்தக் கைகளுக்குச் சட்டத்தில் என்ன இடம்? மலேசியாவின் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம், 34-ஆவது பிரிவில், மலாய், சீன, இந்திய முறைகளில் வைத்தியம் பார்ப்பதைத் தடுக்காமல் விட்டது. அவ்வளவுதான். தேர்ந்தவர் யார், அரைகுறை யார் என்று பிரித்துக் காட்ட வழி சொல்லவில்லை. எலும்பு முறிந்த காலைச் சுளுக்கு என்று நினைத்து உருவினால் என்ன ஆகும், நேயர்களே?

2001-இல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்று ஒரு தேசியக் கொள்கை வந்தது. 2007 அக்டோபரில் அது ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தது. ஜார்ஜ்டவுனில் ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, இன்னும் சற்று உள்ளே போனால் கெப்பாலா பத்தாஸ். அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவியின் தொகுதி. அங்குள்ள அரசு மருத்துவமனையில்தான், நாட்டிலேயே முதன்முதலாக, பாரம்பரிய மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. மலாய் உருட்டும் அக்குபங்சரும் வெள்ளை அங்கிக்காரர்களோடு ஒரே கூரையின் கீழ் வந்தன. நாள்பட்ட வலிக்காரர்களுக்கும் பக்கவாதம் வந்து தேறுகிறவர்களுக்கும் உருட். ஒரே நிபந்தனை, டாக்டர் பார்த்து அனுப்ப வேண்டும். இந்த நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால், அமெரிக்காவில் பிறந்த இன்னொரு கை வைத்தியத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்டியோபதி படித்த வில்லியம் சதர்லேண்ட், மண்டையோட்டு எலும்புகள் மீனின் செவுள் போல அசைகின்றன என்று நம்பினார். தன் தலையிலேயே வார்களைக் கட்டி இறுக்கிச் சோதித்துப் பார்த்த மனிதர்! 1939-இல் அதை நூலாக்கினார். பிறகு ஜான் அப்லெட்ஜர் என்ற டாக்டர் அதை வளர்த்து, கிரேனியோசேக்ரல் தெரபி என்று பெயரிட்டார். தலையிலும் முதுகுத்தண்டின் அடியிலும் ஐந்து கிராம் எடை அளவுக்கு மெல்லக் கை வைப்பார்கள். வலியும் மன இறுக்கமும் குறையும் என்பது அவர்கள் வாக்கு.

குறைகிறதா? பெரியவர்களின் மண்டையோட்டு எலும்புகள் அப்படி அசைவதில்லை என்கிறார்கள் உடற்கூறு அறிந்தவர்கள். ஒரே நோயாளியின் 'துடிப்பை' இரண்டு நிபுணர்கள் எண்ணினால் இரண்டு கணக்கு வந்தது. நாள்பட்ட வலிக்குப் பலன் தெரிகிறது என்றது 2019-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு. சொல்லும்படியான பலன் இல்லை என்றது 2024-இல் வந்த இன்னொன்று. அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் அக்கறையோடு தொடுவதும் இதமானவைதான். அந்த இதத்தை யாரும் மறுக்கவில்லை. எலும்பு அசைகிறது என்ற விளக்கம்தான் நிற்கவில்லை.

மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகள் ஏழு. மலாய், சீன, இந்திய மருத்துவங்கள், இஸ்லாமிய மருத்துவ முறை, ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி. தாயான ஆஸ்டியோபதி பட்டியலில் இருக்கிறது. கிரேனியோசேக்ரல் தனித் துறையாக இல்லை. நம் தொக்கணமோ இந்திய மருத்துவம் என்ற தலைப்புக்குள் வந்துவிட்டது. இனி அதைச் செய்பவர் பயிற்சிச் சான்றைக் காட்டிப் பதிய வேண்டும். பாட்டியிடம் பார்த்துப் பழகிய கைகளுக்கு அந்தச் சான்றை யார் கொடுப்பது என்பதுதான் இப்போது கேள்வி.