வானத்தில் ஒரு வாத்தியார்

வருடம் 1941. வட அமெரிக்காவின் மிக உயரமான பறவையான ‘ஹூப்பிங் கிரேன்’ என்கிற வெள்ளை நாரைகளை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தமே இருபது சொச்சம்தான்! கண்மூடித்தனமான வேட்டையும், சதுப்பு நிலங்களை அழித்ததும் செய்த வேலை.

பிற்பாடு ஆய்வு மையங்களில் குஞ்சு பொரிக்க வைத்து எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். குளிர்காலத்தில் தெற்கே போகும் வழியைக் குஞ்சுகளுக்குக் காட்டுவது தாயும் தகப்பனும். அவை இல்லாத குஞ்சுகளுக்கு யார் காட்டுவது?

மனிதன் காட்டினான்! வெள்ளை அங்கியால் உடம்பை மூடி, கையில் நாரைத்தலை பொம்மையை மாட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் குஞ்சுகளை வளர்த்தார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். 2001 அக்டோபரில் ‘ஆபரேஷன் மைக்ரேஷன்’ அமைப்பின் குட்டி விமானங்கள் முன்னே பறக்க, இளம் நாரைகள் பின்தொடர்ந்தன. விஸ்கான்சினிலிருந்து ஃப்ளோரிடாவுக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர்! அடுத்த வசந்தத்தில் ஐந்து நாரைகள், விமானத் துணையே இல்லாமல் விஸ்கான்சினுக்குத் திரும்பி வந்தன. ஒரு தடவை காட்டியதே போதுமாக இருந்தது!

சரி, வென்றாயிற்றா? அதுதான் இல்லை. வளர்ந்த நாரைகள் கூடு கட்டின, முட்டையும் இட்டன. ஆனால் பல ஜோடிகள் அடைகாப்பதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டன. பிறந்த குஞ்சுகளிலும் பிழைத்தவை சொற்பம். மொய்த்து எடுத்த கருப்பு ஈக்கள் ஒரு காரணம். பொம்மைக் கையில் வளர்ந்ததும் காரணமாக இருக்குமோ என்ற சந்தேகம் வலுத்தது. 2016-ல் விமான வழிகாட்டலை நிறுத்த அமெரிக்க அரசு முடிவு செய்தது. அதன்பின், நாரைகளே வளர்த்த குஞ்சுகளை, வழி தெரிந்த பெரிய நாரைகளுக்குப் பக்கத்தில் விடும் முறைக்கு மாறினார்கள்.

வழியைச் சொல்லித்தர மனிதனால் முடிந்தது. தாயாக இருக்கச் சொல்லித்தர, இன்னொரு நாரைதான் வேண்டும் போலிருக்கிறது!