விளக்கைப் போடச் சொன்ன அட்மிரல்: மார்க் மிட்ஷரின் கதை

இன்னிக்கு எபிசோடை இருட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

1944 ஜூன் 20, பிலிப்பைன் கடல். நிலா இல்லாத இரவு. ஜப்பான் கப்பற்படையைத் தாக்கிவிட்டு அமெரிக்க விமானங்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. டேங்க்ல பெட்ரோல் கிட்டத்தட்ட காலி. இறங்க வேண்டிய கப்பல்கள் கீழேதான் எங்கேயோ இருக்கின்றன, ஆனா கண்ணுக்குத் தெரியல. போர்க்காலத்தில் கப்பல்கள் இரவில் விளக்கை அணைச்சிடும். சின்ன வெளிச்சம் கசிந்தாலும் எதிரி நீர்மூழ்கிக் கப்பலுக்கு அது போதும்.

அந்த நேரத்தில் லெக்சிங்டன் கப்பலில் இருந்த வைஸ் அட்மிரல் மார்க் மிட்ஷர் ஓர் உத்தரவு போட்டார்: எல்லாக் கப்பல்களும் விளக்கைப் போடட்டும். தேடுவிளக்குகள் வானத்தை நோக்கி நின்றன. சில கப்பல்கள் வெளிச்சக் குண்டுகளைச் சுட்டன. எந்தக் கப்பல் கண்ணில் பட்டாலும் அதில் இறங்கலாம் என்று பைலட்டுகளுக்குச் சொல்லப்பட்டது.

மிட்ஷர்னு தேடினா முதல்ல வர்ற கதை இதுதான். நல்ல கதை, உண்மையும்கூட. ஆனா இதை மட்டும் சொல்லி நிறுத்தினா, அந்த விமானங்களை அவ்வளவு தூரம் அனுப்பினதே அவர்தான் என்பது மறைஞ்சு போயிடும்.

ஆளைப் பார்ப்போம். 1887ல் விஸ்கான்சினில் பிறந்து ஓக்லஹோமாவில் வளர்ந்தவர். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பும் சரியில்லை, ஒழுங்கும் சரியில்லை, 1906ல் வெளியே அனுப்பிட்டாங்க. திரும்ப முதல் வருஷத்துல இருந்து சேர்ந்து, 1910ல் 131 பேரில் 113வது ஆளாக வெளியே வந்தார். நாலு வருஷப் படிப்புக்கு ஆறு வருஷம்! அரியர் வச்ச நண்பர்கள் இதை வீட்டுக்கு ஃபார்வர்டு பண்ணலாம்.

1916ல் விமானி ஆனார், அமெரிக்கக் கடற்படையின் 33வது விமானி. 1919ல் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட மூன்று பறக்கும் படகுகளில் ஒன்றான என்.சி.-1ல் அவர் ஒரு பைலட். அஸோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் மூடுபனி. வழி தெரியாமல் கடலில் இறக்கினார்கள். அலையில் விமானம் உடைந்தது. அந்த வழியாக வந்த ஒரு கப்பல் வந்து ஏற்றும்வரை நடுக்கடலில் காத்திருந்தார்கள். இதைக் கொஞ்சம் நினைவுல வச்சுக்கங்க.

இப்போ 1942க்குப் போவோம். ஹார்னெட் விமானந்தாங்கிக் கப்பலின் முதல் கேப்டன் மிட்ஷர். ஏப்ரல் 18ல் டூலிட்டிலின் 16 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானைத் தாக்கக் கிளம்பினது இந்தக் கப்பலில் இருந்துதான். அதுக்கு ஏழு வாரத்துக்குள் மிட்வே.

ஜூன் 4 காலை ஹார்னெட்டில் இருந்து கிளம்பிய விமானங்களில் பெரும்பகுதி எதிரியைப் பார்க்கவே இல்லை. டார்பிடோ ஸ்குவாட்ரன் 8ன் தலைவர் ஜான் வால்ட்ரன் மட்டும், போகிற திசை தப்பு என்று ரேடியோவிலேயே வாதாடி, தன் 15 விமானங்களோடு பிரிந்து போனார். அவர் கணக்கு சரி. ஜப்பான் கப்பல்களைக் கண்டுபிடித்தார். காவலுக்கு ஒரு ஃபைட்டர் விமானம்கூட இல்லை. 15 விமானங்களும் சுட்டு வீழ்த்தப்பட்டன. 30 பேரில் ஜார்ஜ் கே என்ற ஒருவர் மட்டும் பிழைத்தார். கூட்டத்தோடு போன பத்து ஃபைட்டர்களும் எண்ணெய் தீர்ந்து கடலில் விழுந்தன.

ஐ.டி.யில் இருக்கிறவங்களுக்கு அடுத்த விஷயம் உடனே புரியும். புரொடக்ஷன் விழுந்தா ஒவ்வொரு டீமும் ரிப்போர்ட் எழுதணும். ஹார்னெட்டில் இருந்து கிடைத்தது மிட்ஷரின் ஒரே ரிப்போர்ட். விமானங்கள் தென்மேற்கே போயின, அதுக்குள்ள எதிரி வடக்கே திரும்பிட்டான் என்கிறது அது. பிழைத்த பைலட்டுகள் பலர் பல வருஷம் கழித்துச் சொன்னது வேற: நேர் மேற்கே போனோம். அதுவரை இரண்டு ஜப்பான் விமானந்தாங்கிகள்தான் கண்ணில் பட்டிருந்தன. மற்றவை பின்னால் வரும் என்று யூகித்து மிட்ஷர் மேற்கே அனுப்பியிருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. யூகம் தப்பாகப் போறது போரில் சகஜம். ரிப்போர்ட்டில் அதை மாற்றி எழுதினாரா என்பதுதான் கேள்வி. அப்போது மேலே இருந்த ரேமண்ட் ஸ்ப்ரூயன்ஸ், எண்டர்பிரைஸ், ஹார்னெட் ரிப்போர்ட்டுகள் முரண்பட்டால் எண்டர்பிரைஸ் சொல்வதையே சரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார். ஒரு கேப்டனைப் பற்றி இதைவிட நாசூக்காக எப்படிச் சொல்றது?

அடுத்த நாள் மாலை இன்னொன்று நடந்தது. ஒரு ஜப்பான் டெஸ்ட்ராயரைத் தாக்கப்போன விமானங்கள் இருட்டிய பிறகு திரும்பின. விளக்கைப் போடச் சொன்னார் ஸ்ப்ரூயன்ஸ். எண்டர்பிரைஸும் ஹார்னெட்டும் விளக்கைப் போட்டன. ஹார்னெட்டின் பாலத்தில் நின்றவர் மிட்ஷர். 1944ல் அவர் செய்தது புதுசா முளைச்ச யோசனை இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். இதில் ஒரு வேடிக்கை, ஸ்ப்ரூயன்ஸ் விமானியே கிடையாது. 1944 ஜூனிலும் மிட்ஷருக்கு மேலதிகாரி அவர்தான். முதல் நாள் இரவே மேற்கே போய் எதிரியை நெருங்கலாம் என்று மிட்ஷர் கேட்டபோது மறுத்தவரும் அவர்தான். விமானிகள் அதுக்காக அவரைத் திட்டித் தீர்த்தாங்க.

சரி, ஜூன் 20. எதிரி இருக்குமிடம் தெரிய வரும்போதே மாலை நாலு மணி ஆகப் போகிறது. மிட்ஷர் இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்களைக் கிளப்பிவிட்டார். போன பிறகு திருத்தம் வருது: எதிரி இன்னும் சுமார் 60 மைல் தள்ளி இருக்கிறான். இரண்டாவது அலையை ரத்து செய்தார். முதல் அலையைத் திரும்பக் கூப்பிடவில்லை. இருட்டில்தான் திரும்புவார்கள், பலருக்கு எண்ணெய் பத்தாது என்று தெரிஞ்சேதான்.

ஹியோ என்ற விமானந்தாங்கி மூழ்கியது. சண்டையில் போனது சுமார் 20 விமானங்கள். திரும்பும்போது கடலில் விழுந்தும், தளத்தில் மோதியும் போனது சுமார் 80. வெளிச்சம் இருந்தும் இவ்வளவு. அன்று இரவும் அடுத்த நாட்களிலும் கப்பல்கள் ரப்பர் படகுகளைத் தேடித் தேடி ஆட்களை எடுத்தன. கடைசியில் திரும்பாதவர்கள் 49 பேர்.

விளக்கு எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எண்ணும்போது, அந்த 49ஐயும் அதே மனுஷன் கணக்கில்தான் எழுதணும். அந்தப் பைலட்டுகள் பலர் அவரைக் கடைசிவரை கொண்டாடினார்கள். இரண்டும் உண்மை.

1945 மே 11ல் ஒகினாவா அருகே, அவர் இருந்த பங்கர் ஹில் மீது இரண்டு கமிகாஸி விமானங்கள் மோதின. கிட்டத்தட்ட 400 பேர் இறந்தார்கள், அவருடைய சொந்த ஸ்டாஃப் உட்பட. எண்டர்பிரைஸுக்கு மாறினார். மூன்றே நாளில் அதுவும் அடிபட்டது. ராண்டால்ஃப் கப்பலுக்கு மாறினார்.

1947 பிப்ரவரி 3, நார்ஃபோக்கில் மாரடைப்பு. வயது 60, அட்லாண்டிக் கப்பற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சுயசரிதை எதுவும் எழுதவில்லை. மிட்வே பற்றி அவர் கையெழுத்தில் நமக்கு இருப்பது அந்த ஒரு ரிப்போர்ட்தான்.