வேதாளரும் வேதாகமமும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே. மேட்டருக்கு வர ரெண்டு பத்தி ஆகும்.

1991 மே மாசம். வண்டலூர். மிருகக்காட்சி சாலை எங்க ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. 1855-லிருந்து சென்னையில் இருந்ததை, 1985-ல் இங்கே கொண்டுவந்து திறந்தார்கள். ராத்திரி காற்று எங்க பக்கம் அடித்தால் சிங்கம் கத்துவது படுக்கையிலேயே கேட்கும். பகலில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. அடுத்த தெரு சபையில் பத்து நாள் வி.பி.எஸ். நடக்கும், பாட்டு சொல்லிக் கொடுத்து பிஸ்கட்டும் ரஸ்னாவும் கொடுப்பார்கள். எங்க வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் மே மாச வெயிலில் பையன் தெருவில் அலையாமல் நிழலில் உட்கார்ந்தால் போதும் என்பது அம்மாவின் மதச்சார்பின்மை :-)

அங்கே பாடம் எடுத்த அக்கா எங்க பக்கத்து வீடுதான். அவங்க கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம், முழுக்க கலர் படக்கதை, இங்கிலீஷ். யாரோ சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. அக்கா படத்தைக் காட்டி, பலூனில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாங்க. நான் அப்போ ராணி காமிக்ஸ் பைத்தியம். முகமூடி வீரர் மாயாவி வந்துகொண்டிருந்த காலம். (இரும்புக்கை மாயாவியோட குழப்பிக்காதீங்க. முத்து காமிக்ஸ் பக்தர்கள் 'வேதாளர்' என்று சொல்வாங்களே, அவரேதான், ஃபேண்டம்.) கோலியாத் ஈட்டியோடு நிற்கிற பக்கம் வந்ததும் என் வாய் சும்மா இருக்காமல், "அக்கா, இது மாயாவி படம் மாதிரியே இருக்கு" என்று உளறிவிட்டேன். நங்கென்று ஒரு கொட்டு. "வேதத்தைப் போய் காமிக்ஸ்ங்கிறியேடா!"

இந்தப் பதிவு அந்தக் கொட்டுக்கு மேல்முறையீடு.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'தி பிக்சர் பைபிள்'. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து டேவிட் சி. குக் பதிப்பகம் போட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கான வார இதழில் துண்டு துண்டாக வந்த கதைகள் 1970-களில் புத்தகமாயின, அந்தப் பத்தாண்டின் கடைசியில் எழுநூறு பக்கத்துக்கும் மேலான ஒரே தடிப் புத்தகமாக கலரில் வந்தது. கதை எழுதியவர் ஐவா ஹாத் என்ற பெண்மணி. படம் வரைந்தவர் ஆந்த்ரே லெப்ளாங்க். ஹைதியில் 1921-ல் பிறந்தவர், அமெரிக்கா வந்து வில் ஐஸ்னரின் 'ஸ்பிரிட்' தொடரில் உதவியாளராக இருந்தார், பிரேசிலுக்குப் போய் அந்த ஊர் நாவல்களைப் படக்கதையாக்கினார்.

இனிமேல்தான் விஷயம். ஃபேண்டம் தொடரை 1961-லிருந்து 1994 வரை வரைந்தவர் சை பேரி. தினசரித் துண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் என்று வருஷம் முழுக்க ஒரே ஆள் வரைவது நடக்காத காரியம், அதனால் அவருக்கு உதவி ஓவியர்கள் உண்டு. அந்த உதவி ஓவியர்களில் ஒருவர் யார் தெரியுமா? இதே ஆந்த்ரே லெப்ளாங்க்!

இணையத்தில் இதைப் படித்த ராத்திரி நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உதவி ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் அங்கே கிடையாது, அதனால் எந்தக் கட்டத்தில் யார் கை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பதினொரு வயசுப் பையன் கண்ணில் பட்டது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அந்தக் கால அமெரிக்க ஓவியர்கள் எல்லோருக்குமே தோள்பட்டையும் தாடையும் ஒரே அச்சுதான். இருந்தாலும் கொட்டு வாங்கினவன் நான், சந்தேகத்தின் பலன் எனக்கே.

ஆனால் அக்காவின் கோபத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 'வேதம் ஒரு பக்கம், காமிக்ஸ் ஒரு பக்கம்' என்ற பிரிவினை காமிக்ஸ் புத்தகம் பிறந்த கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. 1940-ல் சிகாகோ பத்திரிகை ஒன்றில் ஸ்டெர்லிங் நார்த் என்பவர் காமிக்ஸைத் தேசிய அவமானம் என்று தாளித்துவிட்டார். பெற்றோர்கள் பயந்தார்கள். அப்போது மேக்ஸ் கெய்ன்ஸ் என்று ஒரு பதிப்பாளர் இருந்தார், முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். 1930-களில் காமிக்ஸ் புத்தகம் என்ற சரக்கையே உருவாக்கியவர்களில் ஒருவர், வொண்டர் உமனை வெளியிட்ட ஆல்-அமெரிக்கன் கம்பெனிக்காரர். அவர் 1942-ல் பைபிள் படக்கதைகளைக் கொண்டுவந்தார். பழைய ஏற்பாடு நாலு புத்தகம், அப்புறம் புதிய ஏற்பாடு மூன்று. கெய்ன்ஸ் யூதர். புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க, யூத குருமார்களை ஆலோசனைக் குழுவில் உட்கார வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தார். காமிக்ஸைத் திட்டுகிறவர்கள் வாயை அடைக்க இதைவிட நல்ல பூட்டு வேறு எது?

பிறகு கூட்டாளிகளிடம் தன் பங்கை விற்றபோது சூப்பர் ஹீரோக்களை விட்டுவிட்டு பைபிள் கதைகளை மட்டும் கூட எடுத்துக்கொண்டு போனார், பாருங்க! அதை வைத்து ஆரம்பித்ததுதான் எஜுகேஷனல் காமிக்ஸ், சுருக்கமாக ஈ.சி. 1947-ல் படகு விபத்தில் மனுஷன் போய்விட்டார். மகன் பில் கெய்ன்ஸ் கைக்கு கம்பெனி வந்தது. ஈ.சி. அப்படியே இருந்தது, எஜுகேஷனல் மட்டும் என்டர்டெய்னிங் ஆனது. 1950-ல் பேய்க்கதை, 1952-ல் 'மேட்'. 1954-ல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று செனட் விசாரணை நடந்தபோது போய் சாட்சி சொன்னதும் இதே பில்தான். பைபிள் போட்டு அப்பா சம்பாதித்த மரியாதையை மகன் ஏழே வருஷத்தில் காலி பண்ணினார். (மேட் ரசிகனாக எனக்கு வருத்தமே இல்லை.)

இதே மரியாதைப் பிரச்சினை நம்ம ஊரிலும் உண்டு. அனந்த் பை, பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தில் இருந்தவர். 1964-ல் அவர்கள் இந்திரஜால் காமிக்ஸ் ஆரம்பித்தபோது அந்த வேலையில் இருந்தார். இந்திரஜாலின் நாயகன் யார்? மறுபடியும் வேதாளர்தான்! டெல்லியில் டி.வி. வினாடி வினா ஒன்றில் கிரேக்க தெய்வங்களைத் தெரிந்த பிள்ளைகளுக்கு ராமனின் அம்மா பெயர் தெரியவில்லை, அதைப் பார்த்துத்தான் 1967-ல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார் என்ற கதை உங்க எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். அந்த வரிசையில் 1980 வாக்கில் 'இயேசு கிறிஸ்து' வந்தது. வழக்கமான 32 பக்கம். லெப்ளாங்குக்குக் கிடைத்த இடம் எங்கே, இது எங்கே! முப்பத்திரண்டு பக்கத்தில் முப்பத்துச் சொச்சம் வருஷ வாழ்க்கையைச் சொல்வதென்றால் உவமைக் கதைகளெல்லாம் டவுன் பஸ்ஸில் ஏறின மாதிரி நெருக்கிக்கொண்டுதான் நிற்கணும்.

அனந்த் பையின் சங்கடம் வேறு ஒன்று, அற்புதங்கள். 1969-ல் வந்த 'கிருஷ்ணா'வில் கோவர்த்தன மலை விஷயத்தை அவர் அடக்கியே வாசித்தார். படித்த பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். பின்னால் வந்த பதிப்பில்தான் கண்ணன் மலையைத் தாராளமாகத் தூக்கினான். மலையை மறைத்தாலும் கண்ணன் கதை ஓடிவிடும், குறும்புக்கும் வெண்ணெய்க்கும் பஞ்சமில்லை. இயேசு கதையில் அற்புதத்தை எடுத்தால் கடைசிப் பக்கம் கல்லறையோடு நின்றுபோகும். அங்கே படக்கதைக்காரருக்கு வேறு வழியில்லை.

எதை விடுவது என்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. தாவீது, தானியேல், யோனா எல்லாம் படக்கதைக்கென்றே பிறந்தவர்கள். லேவியராகமத்தைப் படமாகப் போட்டு எந்தப் பிள்ளையிடம் கொடுப்பது? 2009-ல் ராபர்ட் க்ரம்ப், ஆதியாகமத்தின் ஐம்பது அதிகாரத்தையும் ஒன்றையும் விடாமல், வம்ச அட்டவணை உட்பட வரைந்து வெளியிட்டார். ஒன்றையும் விடாததாலேயே அது சின்னப் பிள்ளைகள் தனியாகப் படிக்கிற புத்தகமாக இல்லை, அட்டையிலேயே எச்சரிக்கை உண்டு. லோத்துவின் கதை தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது அக்காவின் தமிழ். நம்ம தமிழ் வேதாகமம் ரொம்பப் பழசு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதிலிருந்து, பவர் குழுவினர் 1871-ல் முழு வேதாகமம் கொண்டுவந்தது வரை செதுக்கிச் செதுக்கி வந்த நடை. அதில் இயேசுவை எல்லோரும் 'நீர்' என்பார்கள். அவர் தன் தாயையே 'ஸ்திரீயே' என்று கூப்பிடுவார். சபையில் வாசிக்கும்போது கம்பீரம். ஆனால் படக்கதை பலூனுக்குள் போனால்? நம்ம காமிக்ஸில் 'நீர்' என்று பேசுகிறவன் ஒன்று ஜமீன்தார், இல்லையென்றால் மந்திரவாதி. 'நீங்க' என்றால் ஆபீஸ் மேனேஜர் மாதிரி ஆகிவிடும். 'நீ' என்று வைத்தால் சபையே எழுந்து நிற்கும்.

அக்கா இதை எப்படிச் சமாளித்தாங்க என்று இப்போதுதான் உறைக்கிறது. கோலியாத் எங்க ரயில்வே கேட் ரவுடி மாதிரி பேசினான்: "டேய், குச்சிய எடுத்துக்கினு நாய விரட்டவா வந்த?" தாவீது, அண்ணன்களுக்கு சோறு கொண்டுபோகிற வீட்டுக் கடைக்குட்டி. சிங்கக் குகையில் தானியேல் வந்த அன்றைக்கு, "நேத்து ராத்திரி கத்துச்சே, அது மாதிரி ஏழெட்டு, பசியோட" என்றாங்க. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. ஆனால் இயேசு வருகிற பக்கம் புரண்டதும் குரல் மாறிவிடும், சுத்தமான வேதாகமத் தமிழ், ஒரு 'டா' கிடையாது. பேதுரு மட்டும் நடுவில் மாட்டிக்கொள்வார். ஆண்டவரிடம் 'நீர்', திரும்பி அந்திரேயாவிடம் "வாடா, வலையப் புடி." எழுதி வைத்த எந்த பைபிள் படக்கதையிலும் நான் அப்படி ஒரு பேதுருவைப் பார்த்ததில்லை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, சபை மூப்பர் ஒருவர் உள்ளே வந்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவர் சொன்னதும் என் வார்த்தைதான்: "என்னம்மா இது, காமிக்ஸ் புக்கு?" அடுத்த நாளிலிருந்து ஃபிளானல் போர்டில் ஒட்டுகிற துணி பொம்மைகள் வந்தன. கோலியாத்தும் தாவீதும் ஏறக்குறைய ஒரே உயரம். நான் சொன்ன வார்த்தை தெருவில் பரவித்தான் புத்தகம் போச்சு என்று ரொம்ப வருஷம் மனசுக்குள் ஒரு உறுத்தல். அக்காவிடம் கேட்டதில்லை.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு 2023 டிசம்பரில் திறந்தார்களே, அதற்கப்புறம் ஒருநாள் அங்கே திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். முடியெல்லாம் வெள்ளை. பஸ் வர நேரமிருந்தது. லெப்ளாங்க் கதையை முழுசாகச் சொன்னேன், ஃபோனில் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"அப்ப உன்னைக் கொட்டுனேன்ல?"

"ஆமாக்கா."

"அந்த மூப்பருகிட்ட யாரும் போய்ச் சொல்லலடா. நானேதான் காட்டுனேன். படம் நல்லா இருக்கே, அவரும் பாக்கட்டும்னு."

பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக் கொடுத்து ஜன்னல் பக்கம் போய் புத்தகம் இன்னும் இருக்கா என்று கேட்டேன். பேத்தி கிட்ட இருக்காம், பெங்களூரில். அட்டை போய்விட்டதாம், கோலியாத் பக்கம் மட்டும் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்காங்களாம்.