பாலுறிஞ்சலும் மூளையின் மீட்சியும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

முன்னுரை

பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவுற்ற குழந்தைகள் உயிர் பிழைத்த பின்னரும் பால் குடிக்க இயலாமல் இடர்ப்படுவதுண்டு. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவித்து நடத்துவதில் மூளைத்தண்டுக்கு முதன்மையான பங்குண்டு. ஆகவே, பாலுறிஞ்ச இயலாமை மூளை பாதிப்பைக் காட்டும் குறியாகிறது. இக்குறி மருத்துவத்தில் பெற்ற இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்புக் கணமும் கணிப்பும்

கடினமான பேறும் பிறப்பின்போது நேரும் மூச்சுத்தடையும் பிற்கால உடல், மனக் குறைபாடுகளுக்குக் காரணமாகலாம் என 1861இல் லண்டன் மகப்பேறு மருத்துவக் கழகத்தில் வில்லியம் ஜான் லிட்டில் வாதிட்டார். பேற்றுச் சிக்கல், கருவிலேயே தோன்றிய குறையின் வெளிப்பாடாகவும் இருக்கலாம் என 1897இல் சிக்மண்ட் பிராய்டு ஐயுற்றார். 1953இல் வர்ஜீனியா ஆப்கர் வெளியிட்ட மதிப்பெண் முறை, உடனடி உதவி வேண்டும் குழந்தையை முதல் நிமிடத்திலேயே இனங்காட்டியது. ஆனால், எதிர்காலத்தைக் கணிக்க அது போதவில்லை. பெருமூளை வாதமுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் 5ஆம் நிமிடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தனர் என்பதை 1981இல் நெல்சன், எல்லன்பெர்க் ஆகியோரின் ஆய்வு காட்டிற்று.

நாள்கள் தரும் சான்று

1976இல் ஹார்வி சர்னாட், மார்கரெட் சர்னாட் ஆகியோர் 21 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி, மூளை பாதிப்பை மூன்று நிலைகளாகப் பகுத்தனர். விழிப்புநிலை, தசைமுறுக்கு, வலிப்பு ஆகியவற்றோடு பாலுறிஞ்சலும் அப்பகுப்பில் ஓர் அளவுகோலாயிற்று. மூன்றாம் நிலையை எட்டாமல், இரண்டாம் நிலைக் குறிகள் 5 நாள்களுக்குள் நீங்கிய குழந்தைகள் பின்னர் இயல்பாகவே காணப்பட்டனர். அந்நிலை 7 நாள்களைக் கடந்தவிடத்துப் பிற்கால நரம்பியல் குறைபாடோ இறப்போ நேர்ந்தது. எனவே, பாதிப்பின் கடுமையோடு அது நீடித்த காலமும் கணிப்புக்கு அடிப்படையாயிற்று எனலாம்.

2005இல் வெளியான ஆய்வுகளுக்குப்பின் உடலை 72 மணிநேரம் குளிர்விக்கும் சிகிச்சை உயர்வருவாய் நாடுகளில் பரவியது. குடல் அழற்சிக்கு அஞ்சி, அக்காலத்தில் பாலூட்டலைப் பல மருத்துவர்கள் தவிர்த்தனர். குளிர்விப்பின்போது பாலூட்டப்பெற்ற குழந்தைகளிடமும் அவ்வழற்சி அரிதே என்பதைப் பிரித்தானியப் பதிவுகளை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வு புலப்படுத்தியது. அதே ஆண்டில் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வு இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. சென்னை மருத்துவமனைகளும் இதில் பங்கேற்றன. குளிர்விப்பு அங்கு இறப்பையோ குறைபாட்டையோ குறைக்கவில்லை, இறப்பை மிகுவித்தது.

முடிவுரை

வலிப்பு மருந்தும் உறிஞ்சும் ஆற்றலைத் தளர்த்தக்கூடும். ஆதலின் பாலுறிஞ்சலை மட்டும் கொண்டு மீட்சியை அளத்தல் தகாது. எனினும், முதல் நிமிடத்தில் குழந்தையின் வாழ்வைத் தீர்மானித்துவிடலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. குளிர்விப்பு பயன்தராத நம் சூழலில், தாயும் செவிலியரும் நாள்தோறும் காணும் பாலுறிஞ்சல் மாற்றத்தை மருத்துவச் சான்றாகப் பதிவுசெய்தல் இன்றியமையாததாகும்.