சிறகு விரிவும் சமுதாய வரலாறும்: வன்னி நிலத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பறக்கும் பொருள் ஒன்றின் ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ள தூரமே சிறகு விரிவு எனப்படும். பார்வைக்கு இது வெறும் நீளம். ஆயினும் ஓர் உயிரின் வாழ்க்கை முறையும், ஓர் இயந்திரம் எத்தேவைக்காக ஆக்கப்பட்டது என்பதும் இவ்வளவோடு நெருங்கிய தொடர்புடையன. உயிரினங்களில் இயற்கைத் தேர்வினால் நிர்ணயிக்கப்பட்ட இவ்வளவு, விமானத்தில் சமுதாயத் தேவையினால் நிர்ணயிக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டை வன்னி மக்களின் அனுபவத்தோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன்குளத்தை அண்டி அமைந்த ஸ்கந்தபுரம் ஒரு விவசாயக் குடியேற்றக் கிராமம். குளமும் வயலும் பனையும் சேர்ந்த இத்தகைய நிலம் பறத்தலின் பல படிநிலைகளையும் ஒருங்கே காட்டுவது. வயல்வெளியில் திரியும் தும்பியினங்களுள் ஒன்றின் சிறகு விரிவு ஏறத்தாழ 8 சதமமீற்றர். சங்குவளை நாரையினது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். கூழைக்கடாவினது இரண்டு மீற்றருக்கும் மேல். பனையோலையில் தன் உமிழ்நீரால் கூட்டை ஒட்டி வாழும் உழவாரக் குருவிக்கோ அரிவாள்போல் வளைந்த ஒடுங்கிய சிறகுகள் அமைந்துள்ளன.

இவ்வளவுகளுக்கு ஓர் எல்லை உண்டு. உருவம் மாறாது நீளம் இருமடங்காகும்போது பரப்பு நான்கு மடங்காகவும் நிறை எட்டு மடங்காகவும் பெருகும். பருமனுக்கும் வலிமைக்குமுள்ள இத்தொடர்பை 1638 இல் வெளிவந்த தமது நூலில் கலிலியோ விளக்கினார். உடல் பெருக்கும் வேகத்தில் அதனைத் தாங்கும் சிறகுப்பரப்பு பெருகுவதில்லை. எனவேதான் சிறு பூச்சி நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சிறகடிக்க, கூழைக்கடா வெயிலில் சூடேறி மேலெழும் காற்றை நம்பிச் சிறகை விரித்தபடி வட்டமிடுகின்றது. பிரான்சின் கொமாந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் 1880 இல் எடுக்கப்பட்டு, 1885 இல் சார்ள்ஸ் புறொன்யார் பெயரிட்ட மெகாநியூரா என்னும் தும்பியொத்த பூச்சியின் சிறகு விரிவு ஏறத்தாழ 65 சதமமீற்றர். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட வளிமண்டலத்தில் ஒட்சிசன் மிகுந்திருந்தமையே இப்பெருவளர்ச்சிக்குக் காரணம் என அறிஞர் பலர் கருதுவர்.

மனிதன் பறக்கக் கற்றதும் பறவையிடமிருந்தேயாகும். ஜேர்மனியைச் சேர்ந்த ஒட்டோ லிலியந்தால் நாரைகளின் சிறகை நுணுகி அளந்து, தட்டையான சிறகிலும் சற்றே வளைந்த சிறகே கூடிய தூக்குவிசை தருவது என 1889 இல் தாம் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஈராயிரத்துக்கு அண்மித்த தடவைகள் மிதவையில் பறந்த அவர் 1896 இல் வீழ்ந்து இறந்தார். அவர்தம் அட்டவணைகளை ஆதாரமாகக் கொண்டு தொடங்கிய றைற் சகோதரர், 1901 இல் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்துத் தாமே அளந்தனர். ஒரே பரப்புடைய சிறகுகளுள் நீண்டு ஒடுங்கியதே சிறந்தது என்பது அவர்கள் கண்ட முக்கிய முடிவு. சிறகின் நுனியில் எழும் காற்றுச்சுழல் விமானத்தைப் பின்னிழுக்கின்றது; விரிவு கூடும்போது அவ்விழுவை குறைகின்றது. 1903 டிசெம்பர் 17 இல் அவர்கள் பறக்கவிட்ட இயந்திரத்தின் சிறகு விரிவு 12.3 மீற்றர்.

பூச்சிகளின்பால் ஈடுபாடு மிக்க பிரித்தானிய வடிவமைப்பாளர் ஜெப்ரி டி ஹவிலண்ட் தம் விமானங்களுக்கு அந்துப்பூச்சிகளின் பெயர்களைச் சூட்டினார். அவற்றுள் 'புஸ் மொத்' என்பதன் விரிவு ஏறத்தாழ 11 மீற்றர். 1932 ஒக்டோபர் 15 இல் ஜே. ஆர். டி. ராற்றா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு ஓட்டியது இவ்வகை விமானத்தையே. அத்தபாலை நெவில் வின்சென்ற் சென்னைவரை கொண்டு சேர்த்தார். 1935 நவெம்பரில் இரத்மலானையில் முதலில் இறங்கியதும் சென்னையிலிருந்து வந்த புஸ் மொத் ஒன்றே. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் நிறுவனம் 29 மீற்றர் விரிவுடைய டக்கோட்டா விமானத்தைக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அனுப்பியது. கடலால் பிரிந்த தமிழ்க் கரைகளை இணைத்த சிறகுகள் இவை.

ஆனால் வன்னியின் பிற்கால வரலாறு வேறுவிதமாக அமைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ் குடாநாட்டை விட்டுப் பெயர்ந்தோரும், 1996 இல் கிளிநொச்சி நகரை விட்டு வெளியேறியோரும் ஸ்கந்தபுரம், அக்கராயன் பகுதிகளில் தஞ்சம் புகுந்தனர். அதே 1996 இல் இலங்கை விமானப்படை 'கிபிர்' தாக்குதல் விமானங்களைப் பெற்றது. பின்னர் ஆளில்லா வேவு விமானங்கள் வன்னி வானில் நெடுநேரம் சுற்றின. அவற்றின் இடையறாத இரைச்சல் கருதி மக்கள் அவற்றை 'வண்டு' என்றனர்.

இவ்விடத்து அளவுகள் கவனத்திற்குரியன. முக்கோணச் சிறகுடைய கிபிரின் விரிவு 8.22 மீற்றர். விமானப்படை பயன்படுத்திய 'சேர்ச்சர்' வேவு விமானத்தின் விரிவு ஏறத்தாழ எட்டரை மீற்றர். விரிவு ஏறக்குறைய ஒன்றே. தொழிலோ முற்றிலும் வேறு. அகன்று குறுகிய சிறகு ஒலியை விஞ்சும் வேகத்திற்கானது. நீண்டு ஒடுங்கிய சிறகு குறைந்த எரிபொருளில் பல மணிநேரம் வானில் நிலைப்பதற்கானது. றைற் சகோதரர் காற்றுச் சுரங்கத்தில் கண்ட விதியை வன்னி மக்கள் பதுங்குகுழியின் வாயிலில் நின்று செவியால் அறிந்தனர். வண்டு நெடுநேரம் சுற்றினால் அடுத்து கிபிர் வரக்கூடும் என்பது அவர்கள் அனுபவம் தந்த பாடம்.

மறுபுறத்தில், விடுதலைப் புலிகள் 10 மீற்றர் விரிவுடைய 'சிலின்' என்னும் சிறு விமானங்களைக் கொண்டு 2007 மார்ச் 26 இல் கட்டுநாயக்காவைத் தாக்கினர். 2009 பெப்ரவரி 20 அன்று கொழும்பு நோக்கி வந்த இரு விமானங்களும் வீழ்ந்ததோடு அவ்வத்தியாயம் முடிந்தது. பயிற்சிக்கும் பயணத்திற்குமென ஆக்கப்பட்ட விமானமும் குண்டு சுமந்தது. ஆக, சிறகின் வடிவம் அது எதற்கு இயலும் என்பதைச் சொல்லும். எதற்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது அதனை உடைமையாகக் கொண்டோரின் அதிகாரமேயாகும்.

நாரையின் சிறகை அளந்த லிலியந்தால், பறத்தல் நாடுகளிடையேயுள்ள எல்லைகளை அழித்துச் சமாதானத்தை வளர்க்கும் என நம்பினார். வன்னியின் வரலாறு அந்நம்பிக்கைக்கு எதிரான சான்று. எனினும் அது அறிவியலின் குற்றமன்று. அறிவியல் மக்கள் கையில் இல்லாமையின் விளைவு. நம் பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய பணி ஒன்று இங்குண்டு. ஒலியைக் கொண்டே விமானத்தை இனங்கண்டு பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கிய தாய்மாரின் அறிவு எந்தப் பாடநூலிலும் இடம்பெறவில்லை. அவர்கள் இட்ட பெயர்களும், அவர்கள் கொண்ட கணிப்புகளும் அவர்கள் வாழும் காலத்திலேயே தொகுக்கப்படல் வேண்டும். விமானப்படைகளின் ஆவணங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் வான்வரலாறு, வானத்திலிருந்து மண்ணைப் பார்த்த வரலாறாகவே இருக்கும். மண்ணிலிருந்து வானத்தைப் பார்த்தோரின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.