செலவாகாத பணம் யாருக்குச் சொந்தம்?

பாதீடு ஓராண்டுக்கு மட்டுமே உரியது. ஆண்டு முடிவில் எஞ்சும் பணம் திறைசேரிக்குத் திரும்ப வேண்டும். கிளாட்ஸ்டன் கொண்டுவந்த 1866 ஆம் ஆண்டுக் கணக்காய்வுச் சட்டம் பிரித்தானியாவில் இந்த ஒழுங்கை உறுதிப்படுத்தியது. ஆட்சியாளர் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வந்து பணம் கேட்டு நிற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்கும் இவ்வழக்கம் வந்து சேர்ந்தது. ஒதுக்கீடு காலாவதியாகுமுன் செலவிட்டு முடிக்க, டிசம்பர் மாதத்தில் அலுவலகங்கள் அவசரப்படுவதை எனது பத்திரிகை வாழ்வில் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு நாட்டுக்கு இது பொருந்தலாம். பல நாடுகள் சேர்ந்து ஒரே பாதீட்டை வைத்திருந்தால் எஞ்சிய பணம் யாருடையது? ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றில் இக்கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

1957 ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையும் ஆண்டுப் பாதீட்டையே விதித்தது. ஆனால் ஆண்டுதோறும் சண்டைதான் மிஞ்சியது. மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்பட்ட முதலாவது ஐரோப்பியப் பாராளுமன்றம், 1979 டிசம்பரில், 1980 ஆம் ஆண்டுக்கான பாதீட்டை 288 இற்கு 64 என்ற வாக்குகளால் நிராகரித்தது. 1985, 1988 ஆகிய ஆண்டுகளும் பாதீடின்றியே பிறந்தன. இதற்கு முடிவுகட்டவே, ஆணைக்குழுத் தலைவர் டெலோரின் முயற்சியால், 1988 இல் ஐந்தாண்டு நிதிச் சட்டகம் உருவானது. பின்னர் அது ஏழாண்டாக நீண்டது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உச்சவரம்பு. அதற்குள்ளேயே அவ்வாண்டின் பாதீடு அமைய வேண்டும்.

இங்கு இருவகை ஒதுக்கீடுகள் உண்டு. ஒரு பாலத்துக்கு இவ்வாண்டு ஒப்புதல் அளிப்பது கடப்பாடு. வேலை நடக்க நடக்க, அடுத்த சில ஆண்டுகளில் பணம் வழங்குவது கொடுப்பனவு. ஆண்டு முடிவில் பாதீட்டில் மிகுதி கண்டால், அடுத்த ஆண்டின் பாதீட்டைத் திருத்தி அதை வரவில் சேர்ப்பார்கள். உறுப்பு நாடுகள் செலுத்த வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறையும். சிக்கல் எழுவது கடப்பாட்டில்தான்.

2014-2020 சட்டகத்துக்கு அரசுத் தலைவர்கள் 2013 பெப்ரவரியில் இணங்கினர். முந்திய சட்டகத்தைவிடத் தொகை குறைந்தது அதுவே முதற்தடவை. பாராளுமன்றத்துடனான இழுபறி நீடித்து, சட்டம் நிறைவேறியபோது டிசம்பர் பிறந்துவிட்டது. அதன் பின்னரே பிராந்திய அபிவிருத்தித் திட்டங்களைத் தயாரித்து அங்கீகாரம் பெற வேண்டியிருந்தது. 2014 முடிந்தபோது ஏராளமான திட்டங்கள் அங்கீகரிக்கப்படவில்லை. சுமார் 21 பில்லியன் யூரோ கடப்பாடு தொடப்படாமலே கிடந்தது.

ஆண்டு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றியிருந்தால் அது ஏட்டுச் சுரைக்காயாகப் போயிருக்கும். தாமதித்தவர்கள் தலைநகரங்களில் பேரம் பேசியவர்கள். இழப்பவர்களோ தென் இத்தாலி, ருமேனியா போன்ற இடங்களில் வீதிக்கும் குடிநீருக்கும் காத்திருந்த மக்கள். நல்லவேளையாக, இத்தகைய தாமதத்தை எதிர்பார்த்துச் சட்டத்திலேயே ஒரு வாசல் வைக்கப்பட்டிருந்தது. 2015 ஏப்ரலில் சட்டகம் திருத்தப்பட்டது. 2014 இன் உச்சவரம்பு குறைக்கப்பட்டு, அடுத்துவந்த ஆண்டுகளின் வரம்புகள் உயர்த்தப்பட்டன. பெரும்பங்கு 2015 இற்கே சென்றது. ஏழாண்டு மொத்தத் தொகை மாறவில்லை.

2020 இலும் அதுவே நடந்தது. ஹங்கேரியும் போலந்தும் தடுத்ததால் புதிய சட்டகம் டிசம்பர் வரை இழுபட்டது. 2021 இல் பயன்படாத ஒதுக்கீடுகளும் பின்னைய ஆண்டுகளுக்கு நகர்த்தப்பட்டன. விதிவிலக்கு வழக்கமாகும்போது அதற்கும் விலை உண்டு. வாக்களித்தும் இன்னும் வழங்கப்படாத தொகை 2020 இறுதியில் 300 பில்லியன் யூரோவைத் தாண்டியது.

எனினும், எஞ்சிய பணத்தை முன்கொண்டு செல்வது தவறென்று நான் கருதவில்லை. கிளாட்ஸ்டனின் விதி ஆட்சியாளரைக் கட்டுப்படுத்த எழுந்தது. ஆட்சியாளரின் தாமதத்துக்கு மக்களைத் தண்டிக்க எழுந்ததன்று. அன்று ஐரோப்பாவில் அந்த மாற்றம் பாராளுமன்றத்தின் சம்மதத்துடன், தொகை இவ்வளவு, ஆண்டு இன்னது என்று பகிரங்கமாக எழுதப்பட்டே நிகழ்ந்தது. அந்தச் சம்மதம் கேட்கப்படும்வரை பணம் மக்களுடையதாகவே இருக்கும்.